ஆத்தங்குடி கல் பதித்த ஹால்: இரண்டு கோடை கழிந்தபின் ஒரு மதிப்பீடு

மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன், பேப்பர் திருத்துகிற கை அப்படி. ஐந்துக்கு நான்கு. கழித்த ஒன்றில் பாதி எலுமிச்சம்பழத்துக்காக, மீதிப் பாதி இந்தக் கல்லைப் பதிக்கத் தெரிந்த ஆளைத் தேடி அலைந்ததற்காக. எங்கள் ஹாலில் பதித்திருப்பது ஆத்தங்குடி கல், அதாவது ஆத்தங்குடி என்ற ஊரில் கையால் செய்கிற வண்ண சிமெண்டு டைல்ஸ். அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் பிறகு போன் போட்டு ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒரு தடவை முழுசாக எழுதி வைத்துவிட்டால் எல்லோருக்கும் அதையே அனுப்பிவிடலாம்.

நாங்கள் இருப்பது மதுரையில், ஊமச்சிகுளம் பக்கம். நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் ஐந்து பேர்: நான், வீட்டுக்காரர், அத்தை, பத்தாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன். ஹால் 18-க்கு 14. முன்திண்ணை 14-க்கு 4. சாமி ரூம் 5-க்கு 4. இந்த மூன்றுக்கும்தான் ஆத்தங்குடி கல். அடுப்படிக்குக் கடப்பாக்கல், படுக்கையறைகளுக்குச் சாதாரண மேட் டைல்ஸ். வீடு முழுக்க ஏன் போடவில்லை என்றால் ஒன்று காசு, இன்னொன்று புளி. புளியைப் பற்றிப் பிறகு.

வீடு கட்ட ஆரம்பித்தால் ஊரே ஆலோசனை சொல்லும். ஃபால்ஸ் சீலிங் போடு, டிவிக்குப் பின்னால் பலகை அடி, அடுப்படியை மாடுலர் ஆக்கு, வாசலுக்கு ஸ்டீல் கேட் வை. சாயங்காலம் ஆனால் ஐந்து பேரும் எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

அதற்கு முன்னால் புதூரில் வாடகைக்கு இருந்தோம். அபார்ட்மெண்ட். பளபளவென்று வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ், குனிந்தால் முகம் தெரியும். காலில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் வழுக்கும். மகன் பாத்ரூமிலிருந்து ஓடிவந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டது அங்கேதான். நல்லவேளை, பால்பல். அந்தத் தரையில் உட்கார யாருக்கும் மனசு வரவில்லை. ஆகவே சோபா வாங்கினோம். சோபாவுக்கு எதிரே டிவி. இரவு எட்டு மணிக்கு ஐந்து பேரும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டாரா, தட்டில் ரசம் தீர்ந்துவிட்டதா என்று பார்க்கவே கழுத்தைத் திருப்ப வேண்டும். டிவியை அணைத்தால் அவரவர் அறைக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் சண்டை எதுவும் கிடையாது. ஆனாலும் லாட்ஜில் தங்கியிருப்பது போலவே இருக்கும்.

சோபாவில் வரிசையாகத்தான் உட்கார முடியும். வட்டமாக உட்காரத் தரை வேண்டும். நாங்கள் வீடு கட்டும்போது எனக்கு இருந்த ஒரே பிடிவாதம் இதுதான். தரை எப்படி இருக்க வேண்டும் என்றால், வெளியிலிருந்து வருகிறவர் பையைக் கீழே வைத்துவிட்டு, தடுக்கு தேடாமல், அப்படியே சம்மணம் போட்டு உட்கார வேண்டும். வீட்டுக்காரர், "அதுக்கு மண் தரை போட்டுச் சாணி மெழுகிடலாமே" என்றார். சிவப்பு ரெட் ஆக்சைடு தரைதான் என் முதல் ஆசை. அத்தை பிறந்த வீட்டில் அதுதான் இருந்தது. ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் வழவழவென்று கிடக்கிறது. ஆனால் அதை வெடிப்பு விழாமல் இழைக்கிற கொத்தனார் இப்போது அபூர்வம். விசாரித்தவர்களில் பாதிப் பேர், "போட்டுத் தர்றேன் டீச்சர், வெடிச்சா என்னைக் கேக்கக் கூடாது" என்றே ஆரம்பித்தார்கள். அப்படித்தான் ஆத்தங்குடிக்குப் போனோம்.

மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரில் போனால் சுமார் இரண்டு மணி நேரம். சிவகங்கை மாவட்டம், காரைக்குடிக்குப் பக்கம். ஊருக்குள் நுழைந்ததும் பட்டறைகள் வரிசையாகத் தெரியும். வீட்டோடு சேர்ந்த கொட்டகையிலும் வேலை நடக்கிறது, பெரிய ஷெட்டிலும் நடக்கிறது. நான் வாங்கிய பட்டறையின் பெயரைப் போடப் போவதில்லை. நல்லதும் சொல்வேன், குறையும் சொல்வேன், அவர்களை ஏன் இழுப்பானேன்.

வாங்குகிறீர்களோ இல்லையோ, ஒரு கல் உருவாவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் ஒரு சதுரக் கண்ணாடியை எண்ணெய்த் துணியால் துடைக்கிறார்கள். அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் டிசைன் அச்சு. உலோகத் தகட்டை வளைத்துப் பூவாகவும் கட்டமாகவும் செய்த தடுப்பு அது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கரைத்த வண்ணக் கலவையைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள்: சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை. சிமெண்டில் கலந்த ஆக்சைடு பொடிதான் வண்ணம். ஊற்றியதும் அச்சை நேராக மேலே தூக்கிவிடுவார்கள். கை கொஞ்சம் நடுங்கினாலும் பூவின் இதழ் பக்கத்து நிறத்துக்குள் ஓடிவிடும். அதன்மேல் சிமெண்டும் மணலும் உலர்வாகக் கலந்த பொடியைத் தூவுவார்கள். வண்ணத்திலிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஈரக் கலவையைப் போட்டு, கரணையால் அழுத்தி, வழித்து மட்டம் செய்து, அப்படியே எடுத்து அடுக்கிவிடுகிறார்கள். மறுநாளிலிருந்து தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறல், அதன்பின் உலர்த்தல். காய்ந்து இறுகும்போது கண்ணாடி விட்டுக்கொள்ளும். அதுவரை டிசைனைத் தலைகீழாகவே பார்த்துக்கொண்டிருந்த வேலையாள், அப்போதுதான் நேராகப் பார்க்கிறார்.

சூளை இல்லை, அழுத்தும் இயந்திரம் இல்லை. நாம் கடையில் வாங்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் 1200 டிகிரிக்கு மேல் சுட்டது. உள்ளே தண்ணீர் இறங்க இடமே இருக்காது. ஆத்தங்குடி கல்லுக்கு நெருப்பே கிடையாது, தண்ணீரும் காற்றும்தான். பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. ஊர் மணலுக்குத்தான் அந்தப் பெருமை என்று பட்டறையில் இருந்த பெரியவர் சொன்னார். கிட்டத்தட்ட அங்கே எல்லோருமே அதைச் சொல்கிறார்கள்.

இந்தச் செய்முறையைத் தெரிந்துகொண்டால் கல்லின் குணம் முழுக்கப் புரிந்துவிடும். எந்த இரண்டு கல்லும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. ஒன்றில் இதழ் கொஞ்சம் தடித்திருக்கும், ஒன்றில் மஞ்சள் வெளிறியிருக்கும். எல்லாம் ஒரே மாதிரி வேண்டும் என்கிறவர்கள் இதை வாங்கவே வேண்டாம், பதித்த பிறகு தினமும் அதையே பார்த்துப் பார்த்து வருத்தப்படுவீர்கள். சிமெண்டு என்பதால் நுண்துளை உண்டு, எண்ணெயையும் குடிக்கும், கறையையும் குடிக்கும். புளிப்பு பட்டால் மேல் தோல் அரிக்கும். மேலே பீங்கான் பூச்சு எதுவும் இல்லாததால், நடக்க நடக்கத் தேய்ந்து வழுவழுப்பு ஏறும்.

கடைசியாகச் சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. அதே ஊரில் பெரிய வீடு என்றும் லெட்சுமி ஹவுஸ் என்றும் சொல்கிற அரண்மனை மாதிரியான செட்டிநாட்டு வீடு ஒன்று இருக்கிறது. போன நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியது. கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்து, தூணைப் பார்த்து போட்டோ எடுப்பார்கள். நீங்கள் கல் வாங்கப் போனவர் என்றால் தலையைக் குனியுங்கள். ஆள் அதிகம் நடக்கிற நடுப்பாதையையும், தூண் ஓரத்தில் கால் படாத மூலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நடுப்பாதைதான் மினுங்குகிறது. பட்டறைக்காரர் காட்டும் மாதிரிக் கல்லை விட அந்தத் தரையைப் பார்த்துத்தான் நாங்கள் முடிவெடுத்தோம்.

சரி, வாங்குகிற கணக்குக்கு வருவோம். 8, 10, 12 அங்குல அளவுகள் சாதாரணமாகக் கிடைக்கும். நாங்கள் எடுத்தது 10-க்கு 10. நூறு சதுர அடிக்கு 144 கல் வேண்டும் (8 அங்குலம் என்றால் 225). எங்களுடைய மொத்தப் பரப்பு 328 சதுர அடி. பெருக்கினால் 473 கல். உடைசலுக்கும் வெட்டுக்கும் சேர்த்து 500 என்று வைத்துக்கொண்டோம். பார்டர் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ஹாலின் சுற்றளவு 64 அடி, அதை 10 அங்குலத்தால் வகுத்தால் 77 என்று வரும். பட்டறையில் அப்படித்தான் எழுதினார்கள். மூலைக்கல் இரண்டு சுவருக்கும் பொது, ஆகவே நான்கைக் கழிக்க வேண்டும், 73 போதும். அதோடு அந்த மூலைக்கல் நான்கும் தனி டிசைன், தனியாகச் சொல்லி வாங்க வேண்டும். நான் இதைப் பேப்பரில் வரைந்து காட்டியதும், "டீச்சருங்களா?" என்று கேட்டார்கள்.

விலை சதுர அடிக்கு 60 ரூபாயை ஒட்டி வந்தது. நிறமும் வேலைப்பாடும் கூடினால் விலை ஏறும். நடுத்தர விட்ரிஃபைடுக்கு ஈடுதான், சில கடைகளில் அதைவிடக் குறைவு. ஆனால் கல் விலையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வண்டி வாடகையும் பதிக்கும் கூலியும்தான் கையைக் கடிக்கும். முக்கால் அங்குலக் கனம், ஒரு கல் இரண்டரைக் கிலோவுக்கு மேல். 500 கல் என்றால் ஒன்றேகால் டன் தாண்டும். குட்டி யானையில் ஏற்றிவிடலாம் என்று வீட்டுக்காரர் நினைத்திருந்தார். அது முக்கால் டன் வண்டி. கடைசியில் 407 லாரி பிடித்தோம். வைக்கோல் போட்டு, கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்கி அனுப்பினார்கள். இருந்தும் சில கற்களின் முனை உதிர்ந்தே வந்தது; அவற்றைச் சுவரோரம் வெட்டுகிற இடங்களில் தள்ளிவிட்டோம்.

பட்டறை மேல் எனக்கு ஒரு வருத்தம். திண்ணைக்கு என்று பின்னால் சொன்ன பச்சைக் கல், ஹால் பச்சையோடு ஒட்டவில்லை. ஒன்று வேப்பிலைப் பச்சை, இன்னொன்று பாசிப் பச்சை. கேட்டால், "கையால கலக்குறது, அப்படித்தாங்க வரும்" என்று முடித்துவிட்டார்கள். கையால் கலப்பது என்றால் வித்தியாசம் வரும், எனக்கும் தெரிகிறது. அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒரே ஆர்டராகக் கொடுங்கள் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? நீங்கள் போனால் மொத்தத்தையும் ஒரே கலவையில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஆர்டர் கொடுத்தால் காய்வதற்கு நாள் பிடிக்கும், அதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

அடுத்து, பதிக்கிற கதை. மதுரையில் டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அவர்கள் கை பழகியது விட்ரிஃபைடுக்கு: பசை தடவு, ஒட்டு, நடுவில் ஸ்பேசர் வை, இடைவெளியை அடை. ஆத்தங்குடி கல்லுக்கு அது எதுவும் ஒத்துவராது. கலவைப் படுக்கையில், கல்லோடு கல் முட்ட, நூல் பிடித்து, ஒவ்வொன்றாகத் தட்டி உட்கார வைக்க வேண்டும். கல்லின் கனம் இம்மி கூடக்குறைய இருக்கும் என்பதால் ரசமட்டம் கையை விட்டு இறங்கவே கூடாது. முதலில் வந்த மேஸ்திரி ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, வெறும் சிமெண்டுல்ல?" என்றார். இரண்டாவதாக வந்தவர், பதித்து முடித்துவிட்டு மெஷின் போட்டு உரசித் தருகிறேன் என்றார். உரசினால் மேலே இருக்கும் வண்ணத் தோலே போய்விடும். பட்டறைக்காரர்களையே கேட்டு, காரைக்குடிப் பக்கமிருந்து இரண்டு பேரை வரவழைத்தோம். கூலியோடு சாப்பாடும் தங்கலும் நம் பொறுப்பு. மாடி அறையில் தங்கினார்கள். அத்தைதான் மூன்று வேளையும் சமைத்துப் போட்டார். அவர்கள் ஒவ்வொரு கல்லையும் பதிக்கும் முன் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள், இல்லையென்றால் காய்ந்த கல் கலவையின் ஈரத்தைக் குடித்துப் பிடிப்பு போய்விடும் என்றார்கள்.

கதவுகளை முன்பே மாட்டிவிட்டவர்கள் கவனம்: கல்லும் படுக்கையும் சேர்ந்து தரை நன்றாகவே உயரும். எங்கள் சாமி ரூம் கதவின் அடியை ஆசாரி இழைக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு எச்சரிக்கை, இதைத் தடித்த எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் தரையில் ஒட்டிய சிமெண்டுக் கறையை எடுக்க ஆசிட் ஊற்றிக் கழுவுவது இங்கே வழக்கம். பெயிண்டர், எலக்ட்ரீஷியன், சித்தாள், யார் வேண்டுமானாலும் நல்லெண்ணத்தில் செய்துவிடுவார்கள். ஆத்தங்குடி கல் மேல் ஆசிட் பட்டால் பளபளப்பு அன்றோடு சரி. நான் ஆசிட் பாட்டிலையே வீட்டுக்குள் விடவில்லை. காரைக்குடிக்காரர்கள் செய்தது வேறு: உமியைத் தூவிச் சாக்கால் தேய்த்தார்கள், கழுவிக் காயவிட்டு, துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒரு கை ஓட்டினார்கள். முதல் சில வாரம் தரையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. எனக்குத் திக்கென்றது. சிமெண்டிலிருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வருவதுதான் அது. துடைக்கத் துடைக்கக் குறைந்து, பிறகு வரவே இல்லை.

இப்போது எலுமிச்சம்பழம். பால் காய்ச்சிக் குடிபோன அன்று நாத்தனார், நிலைப்படியின் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் தடவி வைத்தார். முறைப்படி செய்ய வேண்டியதுதானே, குற்றமில்லை. கூட்டத்தில் யார் கண்ணிலும் படாமல் மறுநாள் காலை வரை அங்கேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் காசளவுக்கு ஒரு வட்டம், மங்கலாக, சொரசொரப்பாக, நடுவில் குங்குமச் சிவப்போடு. சோப்பு, உமி, எண்ணெய் எதற்கும் அசையவில்லை. எலுமிச்சைச் சாறு சிமெண்டின் சுண்ணாம்பைக் கரைத்துவிடும், பளிங்குக் கல்லுக்கும் இதே விதிதான். அதே நாள் தரையில் பந்தி நடந்தது. இலை ஓரமாக வழிந்த ரசம் போன வழியும் கொஞ்ச நாள் தெரிந்தது. ஆனால் உடனே துடைத்துவிட்டதால் நடை பட்டுப் பட்டு மறைந்துவிட்டது. எலுமிச்சை வட்டம் மட்டும் அப்படியே. இப்போதெல்லாம் நாத்தனார் வந்தால் வாசலைத் தாண்டும்போது அந்த இடத்தில் மட்டும் சேலையைக் கொஞ்சம் இழுத்துவிட்டு நடப்பார். நாங்களும் பார்க்காத மாதிரி இருப்போம்.

அடுப்படிக்கு ஏன் இந்தக் கல்லைப் போடவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். புளி கரைக்கிற, தக்காளி நறுக்குகிற, மோர் சிந்துகிற இடத்தில் இதை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சமைக்க முடியாது. பாத்ரூமுக்கும் வேண்டாம், அங்கே போடுகிற கிளீனரில் ஆசிட் இருக்கும். திண்ணையில் கூட, மேற்கு வெயில் நேராக விழுகிற ஓரத்தில் நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. தூறல் படுகிற ஓரமும் மற்ற இடத்தை விடச் சொரசொரப்பு.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தினமும் கூட்டி, வெறும் தண்ணீரில் துடைக்கிறோம். பினாயில், வினிகர், எலுமிச்சை வாசம் வரும் திரவம் எதுவும் கிடையாது. எப்போதாவது வாளித் தண்ணீரில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைப்பது உண்டு. ஆனால் கொஞ்சம்தான், அதிகமானால் தூசி ஒட்டும், கால் வழுக்கும். மஞ்சள், காபி சிந்தினால் உடனே துடைத்தால் போய்விடும், ஊறவிட்டால் நிழல் மாதிரி நிற்கும். சாமி ரூமில் விளக்கெண்ணெய் ஊறி ஊறிக் கல் கறுத்திருக்கிறது. அத்தைக்கு அது பிடித்தே இருக்கிறது, ஒரு களை வந்த மாதிரி என்கிறார். சோப்புத் தண்ணீர் தேங்கினால் இந்தக் கல்லும் வழுக்கத்தான் செய்யும், ஆனால் வெறும் ஈரக்காலுக்குப் பழைய டைல்ஸ் போல ஏமாற்றவில்லை.

எதற்காக வாங்கினோமோ அது நடந்ததா?

நடந்தது. ஆனால் நான் நினைத்த வழியில் இல்லை. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம் என்று கனவு கண்டேன். சாப்பாட்டு நேரத்தில் அது இன்னமும் பாதி நாள்தான் நடக்கிறது. வட்டம் கூடியது வேறு நேரங்களில். மகள் அவளாகவே தன் அறை மேஜையை விட்டுவிட்டு, ஹால் நடுவில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள். கல் ஒவ்வொன்றும் சதுரம் என்பதால் தம்பிக்குப் பரப்பளவு சொல்லிக் கொடுக்கத் தரையையே காட்டுவாள். அவள் படுத்திருக்கிறாள் என்று இவன் வந்து படுப்பான். அப்புறம் அத்தை வந்து வெங்காயத்தை உரித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார். நான் திருத்தும் பேப்பர் கட்டும் அங்கே வந்துவிடும். பார்டர் கல் ஓரமாகத்தான் உட்கார வேண்டும், நடுவில் இருக்கிற பெரிய பூவை மிதிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குள் ஏதோ சட்டம் வேறு. தாயம் விளையாட சாக்பீஸில் கட்டம் போட்டால் வெறும் தண்ணீரில் போய்விடுகிறது. இந்த டைல்ஸைப் பற்றி மகனைக் கேட்டால் இந்த ஒன்றைத்தான் சொல்வான்.

அக்னி நட்சத்திரத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். மதுரை வெயிலைப் பற்றி நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. படுக்கையறையில் ஏசி இருக்கிறது; இருந்தும் மே மாதம் கரண்ட் போய்ப் போய் வருகிற இரவுகளில் ஐந்து பேரும் ஹாலில்தான். பாய் கூட விரிக்காமல் வெறும் கல்லில் முதுகைச் சாய்த்தால் ஒரு குளிர்ச்சி. எந்தத் தரையும் கொஞ்சம் குளிரத்தான் செய்யும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது வியர்வைக்கு முதுகோடு பிசுபிசுவென்று ஒட்டுவதில்லை. விளக்கு அணைந்த பிறகு படுத்தபடியே பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதில்தான் மகள் பள்ளியில் நடப்பது எதுவும் எனக்குத் தெரிய வருகிறது. நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா"தான்.

அத்தை விஷயத்தில் மட்டும் இந்தத் தரை தோற்றுவிட்டது என்று சொல்ல வேண்டும். தரைக்காக அதிகம் ஏங்கியவர் அவர்தான். வீடு முடிந்து வருவதற்குள் மூட்டு வலி முற்றிவிட்டது. உட்கார்ந்தால் எழ ஒரு கை வேண்டும். ஆகவே தாழ்வான ஒரு மரப்பலகை செய்து வைத்திருக்கிறோம், முழங்கால் உயரத்துக்கும் குறைவு. அதில் உட்கார்ந்தால் தரையில் இருப்பவர்களோடு ஏறக்குறைய சமமாக முகம் பார்க்கலாம். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கல்லுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே ஆசாரியிடம் பலகைக்கும் சொல்லிவிடுங்கள். கால் குளிர்கிறது என்று மார்கழியில் அத்தை ஹாலிலும் செருப்புப் போட்டுக்கொள்கிறார், அதுவும் நியாயம்தான்.

வீட்டுக்காரரின் கருத்தையும் பதிவு செய்யாவிட்டால் சண்டை வரும். அவருக்கு சோபாதான் வேண்டும். புதூர் சோபாவை விற்க விடவில்லை, சுவரோரம் போட்டு வைத்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் தரையில் இருக்க, அவர் மட்டும் மேலே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கொஞ்ச நேரத்தில் தரையில் இறங்கி, சோபாவை முதுகு சாய்க்க வைத்துக்கொள்வார். இதை அவரிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

வாடகைக்கு விடப் போகிற வீடு என்றால் இந்தக் கல் வேண்டாம்; வருகிறவர்கள் ஆசிட் ஊற்றுவார்களா, ரசம் ஊற்றுவார்களா என்று உங்களால் காவல் இருக்க முடியாது. அவசரமாக முடிக்க வேண்டிய வேலைக்கும் வேண்டாம். மாடியில் போடுவதானால் இஞ்சினியரிடம் எடையைச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். கறை விழுந்தால் தூக்கம் வராத ஆள் என்றால், நல்ல மேட் விட்ரிஃபைடு வாங்கி அதில் ஜமக்காளம் விரித்து உட்காருங்கள். தரையில் உட்காருவதுதான் முக்கியம், எந்தத் தரை என்பது அடுத்த பேச்சு.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், கணக்குக்கு மேல் ஒரு இருபது கல்லாவது சேர்த்து வாங்கி ஓரமாக அடுக்கி வையுங்கள். நாளைக்கு ஒன்று உடைந்தால் அதே நிறத்தில் இன்னொன்று அந்த ஊரிலேயே கிடைக்காது. எங்களுடையது மாடிப்படிக்கு அடியில் இருந்தது. இப்போது போய்ப் பார்த்தால் ஒன்று அடுப்படி மேடையில் சூடான குக்கரைத் தாங்குகிறது, இரண்டு அத்தையின் துளசித் தொட்டிக்கு அடியில், ஒன்றை மகன் கிரிக்கெட் ஸ்டம்புக்கு முட்டுக் கொடுக்கத் தெருவுக்கே கொண்டுபோய்விட்டான். கேட்டால் எல்லோரும் "சும்மாதானே கிடந்துச்சு" என்கிறார்கள். ஆகவே இருபது அல்ல, முப்பதாகச் சொல்லுங்கள்.